ட்ரக்டரில் ஹைட்ரோலிக் ஒயில் பார்க்கும்போது விடும் பிழைகள்

காலபோக உழவு நேரத்தில் கலப்பை மேலே வராவிட்டாலோ, டிப்பர் பெட்டி பாதியில் நின்றுவிட்டாலோ, பம்ப் போய்விட்டது என்று உடனே கராச்சுக்கு ஓடாதீர்கள். முதலில், அவற்றைத் தூக்கும் ஹைட்ரோலிக் ஒயிலின் மட்டத்தைப் பாருங்கள். அதையும் சரியாகப் பார்க்க வேண்டும், பிழை அங்கேதான் நடக்கிறது.

ஆகப் பெரிய பிழை, கலப்பையோ பெட்டியோ தூக்கியபடி நிற்க டிப்ஸ்டிக்கை (ஒயில் மட்டம் பார்க்கும் கோலை) இழுத்துப் பார்ப்பது. தூக்கி நிற்கும்போது ஒயிலில் ஒரு பங்கு தூக்கும் சிலிண்டருக்குள் இருக்கும், டிப்பர் பெட்டியென்றால் அதைத் தூக்கும் ஜாக்கே பல லீற்றரை வாங்கி வைத்திருக்கும். மட்டம் குறைவாகத்தான் காட்டும். அதை நம்பி ஊற்றினீர்களோ, பெட்டி இறங்கியதும் அவ்வளவும் திரும்பி வந்து, கூடிப்போன ஒயில் நுரைத்துச் சூடாகி சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். எல்லாவற்றையும் நிலத்தில் இறக்கி, சமதரையில் விட்டு (வரம்போரச் சரிவில் வேண்டாம்), எஞ்சினை நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக்கைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது மொடலுக்கு மொடல் மாறும், கைநூலில் இருக்கும்.

அடுத்தது புழுதி. யாழ்ப்பாணத்தில் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் தோட்டம் உழுதுவிட்டு வந்த மெசினைப் பாருங்கள், டிப்ஸ்டிக் தலையைச் சுற்றி ஒயில் ஈரத்தில் செம்பாட்டு மண் களிம்பு மாதிரி அப்பியிருக்கும். அதைத் துடைக்காமல் இழுத்தால் அந்த மண் உள்ளேதான் விழும். ஒரு சிட்டிகை போதும், பம்பையும் வால்வையும் அரம் போட்ட மாதிரி அராவிவிடும். நூல் உதிராத சுத்தமான சீலைத்துண்டால் முதலில் சுற்றிவரத் துடையுங்கள், அப்புறம் திறங்கள்.

மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறத்தைப் பார்க்காமல் விடுவதும் பிழைதான். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மேலே ஊற்றிப் பயனில்லை, கழற்றி மாற்றத்தான் வேண்டும். கறுத்து, எரிந்த மணம் வந்தால் அதுவும் அப்படித்தான்.

வீட்டில் மிச்சம் கிடக்கிற ஒயிலை ஊற்றாதீர்கள். பல ட்ரக்டர்களில் கியர்பொக்ஸுக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில்தான், சிலதில் பிரேக்கும் அதற்குள்ளேயே ஓடும், பிழையான ஒயில் ஊற்றினால் அவையும் பாதிக்கப்படும். பிரேக் ஒயில் என்று தனியாக விற்பதோ ஒருபோதும் வேண்டாம், ரப்பர் சீலெல்லாம் ஊதிப் பழுதாகும்.

மட்டம் அடிக்கடி இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. அதைக் கையால் தடவித் தேடாதீர்கள், காட்போட் மட்டைத் துண்டொன்றைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தில் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய அளவுக் காயமாக, நோகாமல் இருந்தாலும் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ரோலிக் ஒயில் ஏறிவிட்டது என்று சொல்லுங்கள்.