குளிர்காலம் கழிந்து ஸ்பிரிங்க்லரில் தண்ணீர் பீறிட்டால்

மினசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில், வசந்தத்தில் தோட்டத்து ஸ்பிரிங்க்லரைத் திறந்ததும் சுவரோரத்துப் பித்தளை வேக்யூம் பிரேக்கரின் (தோட்டத்துத் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் கருவி) தலையில் தண்ணீர் பீறிட்டால், பெரும்பாலும் உள்ளே பிளாஸ்டிக் பானெட் (மேல்மூடிக்குக் கீழே திருகியிருக்கும் உள்மூடி) விரிசல் விட்டிருக்கும். உறையும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். முதலில் உடைவது பானெட்தான்.

வீட்டுக்குள் உள்ள வால்வை மூடி, டெஸ்ட் காக்குகளை (வேக்யூம் பிரேக்கரில் உள்ள சிறு திருகு வால்வுகள்) திறந்து அழுத்தத்தை இறக்குங்கள். மேல்மூடியைக் கழற்றி, பானெட்டைத் திருகி எடுங்கள். அடியில் ஸ்பிரிங் இருக்கலாம், அழுத்திப் பிடியுங்கள். மாடலும் அளவும் பார்த்து பானெட், பாப்பெட் (மேலும் கீழும் நகர்ந்து காற்றுவழியை அடைக்கும் தட்டு), ஓ-ரிங் அடங்கிய கிட் வாங்கிப் பொருத்துங்கள். தண்ணீர் விட்டதும் கொஞ்சம் துப்பிவிட்டு நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் பாப்பெட்டில் மண் சிக்கியிருக்கலாம். பித்தளை உடலே வெடித்திருந்தால் கிட் வீண்செலவு, முழுசாக மாற்றுங்கள்.

இலையுதிர்காலத்தில் கம்ப்ரெசரால் குழாயைக் காலிசெய்யும்போது பாலிஎத்திலீன் குழாய்க்குக் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ தாண்டாதீர்கள். பிறகு வேக்யூம் பிரேக்கரின் பால் வால்வுகளை (உள்ளே துளையிட்ட குண்டு சுழலும் வால்வுகள்) 45 டிகிரியில், அதாவது பாதி திறந்த நிலையில், விடுங்கள். இல்லாவிட்டால் குண்டுக்குள் சிக்கிய நீர் வால்வைப் பிளந்துவிடும்.