2038 தேதிப் பிழைகளை நிரலை ஓட்டாமலே பிடிப்பது எப்படி?

மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் ஒரு கடன் கடை. நகைக்கடனும் தருகிறார்கள், வீட்டுக்கடனும் தருகிறார்கள். கணக்கு நிரல் சி மொழியில் எழுதியது. அதில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

இண்ட் முடிவு = டைம்(நல்) + 15 * 365 * 86400;

இப்போதைய நேரத்தோடு 15 ஆண்டின் விநாடிகளைக் கூட்டி (ஒரு நாளுக்கு 86400 விநாடி), 15 ஆண்டுக் கடன் என்றைக்கு முடியும் என்று கணக்கிடும் வரி இது. 2023 ஜனவரி 23 வரை பதிந்த கடன்களுக்கு ஏறத்தாழச் சரியான விடை வந்தது. அதற்கப்புறம் பதிகிற கடன் எல்லாம் 1900களின் தொடக்கத்திலேயே முடிந்துவிட்டதாகக் காட்டும். (365 என்று போட்டதே தனித் தப்பு. நடுவில் வரும் நான்கு லீப் நாள்கள் கணக்கில் விடுபடுகின்றன. அது வேறு கதை.)

காரணம் எளியது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த விநாடிகளாக எண்ணுகின்றன. மேலே உள்ள 'இண்ட்' என்பது குறியுள்ள (மைனஸ் மதிப்பும் ஏற்கும்) 32 பிட் எண். அதில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2147483647. அந்த விநாடி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8:44:07. தைப் பொங்கலும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டும் முடிந்த கையோடு வரும் காலைப்பொழுது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து வெளியேறும். இந்த எண்ணுக்கு அப்படி ஒரு கலுங்கு கிடையாது. அடுத்த விநாடியே மைனஸ் 2147483648 ஆகி, தேதி 1901 டிசம்பர் 13க்கு (நம் நேரப்படி 14க்கு) போய்விடும்.

2038க்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது. எதிர்காலத் தேதியைக் கணக்கிடும் நிரல் இன்றைக்கே தப்பு செய்யும். செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 ஆண்டில் முதிர்கிறது. ஆகவே 2017 ஜனவரி 19க்குப் பிறகு தொடங்கிய ஒவ்வொரு கணக்கின் முதிர்வுத் தேதியும் இந்த எல்லையைத் தாண்டியதுதான்.

இத்தகைய பிழைகளை நிரலை ஓட்டிப் பார்க்காமல், எழுதிய வரிகளை வைத்தே பிடிப்பதற்கு ஸ்டேட்டிக் அனாலிசிஸ் என்று பெயர். உபுண்டு கணினி ஒன்று போதும். இந்தக் கட்டுரையில் நிரல் வரிகளையும் கட்டளைகளையும் உச்சரிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். கணினியில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: கருவிகளை நிறுவுங்கள்

ஜிசிசி, கிளாங் (இரண்டும் கம்பைலர்கள்), கிளாங்-டைடி, சிபிபிசெக் (இரண்டும் நிரலை ஆராயும் கருவிகள்), பேர் ஆகிய ஐந்தையும் 'ஆப்ட் இன்ஸ்டால்' வழியாக நிறுவுங்கள். கடைசியில் உள்ள 'பேர்' எதற்கு என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கோப்பும் எந்தக் கொடிகளோடு (கம்பைலருக்குத் தரும் விருப்பங்களோடு) கம்பைல் ஆகிறது என்பது தெரியாமல் கிளாங்-டைடியால் சரியாக ஆராய முடியாது. 'மேக் கிளீன்' செய்துவிட்டு, 'பேர் -- மேக்' என்று ஓட்டினால் அந்தப் பட்டியலை ஒரு ஜேசான் கோப்பாக எழுதித் தரும். 'மேக் கிளீன்' செய்யாமல் ஓட்டினால் ஏற்கெனவே கம்பைல் ஆன கோப்புகள் பட்டியலில் வராது. முதல் தடவை செய்கிறவர்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

படி 2: டைம்_டி எத்தனை பைட் என்று பாருங்கள்

சி மொழியில் நேரத்தை வைக்கும் டைப்பின் பெயர் டைம்_டி; டைம்(நல்) தரும் விடை இந்த டைப்தான். இதைச் செய்யாமல் மேலே போக வேண்டாம். 'சைஸ்ஆஃப்(டைம்_டி)' மதிப்பை அச்சிடும் இரண்டு வரி நிரலை எழுதி, உங்கள் நிரலைக் கம்பைல் செய்யும் அதே கொடிகளோடு கம்பைல் செய்து ஓட்டுங்கள். 8 வந்தால் நல்லது. 4 வந்தால், கருவி எந்தப் பிழையையும் காட்டாது.

ஏன் காட்டாது? கருவி தேதியைப் பார்ப்பதில்லை. டைப்பின் அகலத்தை மட்டுமே பார்க்கிறது. 64 பிட் மதிப்பை 32 பிட் பெட்டிக்குள் திணித்தால் 'குறுகுகிறது' என்று சொல்லும். டைம்_டியே 32 பிட்டாக இருந்தால் 32லிருந்து 32க்குப் போகிறது, அதன் பார்வையில் குற்றமே இல்லை. முழுக்கப் பழுதான நிரலுக்கு ஒரு வார்னிங்கூட இல்லாத அறிக்கை வரும். அதைக் காட்டி 'எல்லாம் சுத்தம்' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

எனவே ஆராய்ச்சியை 64 பிட் கணினியில் செய்யுங்கள். 32 பிட் கணினிக்கான நிரல் என்றால், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி 2.34 (2021) முதல் '_டைம்_பிட்ஸ்=64' என்ற மேக்ரோ இருக்கிறது. கூடவே '_ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64' என்பதையும் கொடுத்தாக வேண்டும்; இல்லாவிட்டால் கம்பைலர் பிழை காட்டி நிற்கும். லினக்ஸ் கர்னலும் 5.1 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இன்னொன்று: நிரலோடு இணையும் லைப்ரரிகள் தங்கள் இடைமுகத்தில் டைம்_டியைப் பயன்படுத்தினால் அவற்றையும் இதே மேக்ரோக்களோடு கம்பைல் செய்ய வேண்டும். ஒன்று 4 பைட்டும் மற்றொன்று 8 பைட்டும் எதிர்பார்த்தால் நினைவகம் குழம்பும்.

படி 3: கம்பைலர் வார்னிங்குகள்

'டபிள்யூ-ஆல்', 'டபிள்யூ-எக்ஸ்ட்ரா' இரண்டையும் போட்டாலும் சி மொழியில் குறுகல் வார்னிங் வராது. 'டபிள்யூ-கன்வெர்ஷன்' என்ற கொடியைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் பழைய நிரல் ஒன்றில் நூற்றுக்கணக்கில் வார்னிங் கொட்டும். மிரள வேண்டாம். வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, அதில் 'டைம்_டி' என்ற சொல் வரும் வரிகளை மட்டும் கிரெப் என்ற சொல் தேடும் கட்டளை கொண்டு பிரித்தெடுங்கள். மேலே பார்த்த 15 ஆண்டுக் கடன் வரி இந்த வடிகட்டலிலேயே சிக்கிவிடும்.

ஆனால் நேரத்தை முதலில் ஒரு 'லாங்' மாறியில் வாங்கி, பிறகு 'இண்ட்' மாறிக்கு மாற்றியிருந்தால் வார்னிங்கில் 'லாங் இண்ட்' என்றுதான் இருக்கும், டைம்_டி என்ற பெயர் இருக்காது. அதனால் கெடு, முதிர்வு, தவணை, தேதி என்ற பொருளில் உங்கள் நிரலில் என்னென்ன மாறிப் பெயர்கள் இருக்கின்றனவோ அவற்றை வைத்து இரண்டாவது முறையும் சலியுங்கள்.

'டபிள்யூ-ஆல்' கொடிக்குள்ளேயே அடங்கிய 'டபிள்யூ-ஃபார்மட்' வார்னிங்குகளை ஒதுக்கிவிடாதீர்கள். உள்ளீட்டைப் படிக்கும் 'ஸ்கேன்எஃப்' அழைப்பில் சதவீதம்-டி (இண்ட் என்று பொருள்) போட்டு ஒரு டைம்_டி மாறியில் வாங்கினால், 8 பைட்டில் 4 பைட் மட்டுமே எழுதப்படும். மீதி 4 பைட்டில் முன்பு கிடந்த குப்பை அப்படியே இருக்கும். ஒரு நாள் சரியாக வரும், மறுநாள் வராது. இந்தப் பிழையைக் கையால் தேடினால் தலைவலிதான்.

படி 4: பெருக்கலில் ஒளிந்திருக்கும் பிழை

லாங் லாங் மில்லி = நாள் * 86400 * 1000;

இடது பக்கம் 64 பிட் இருப்பதால் பத்திரம் என்று தோன்றும். 'நாள்' என்பது இண்ட் என்றால் வலது பக்கப் பெருக்கல் முழுவதும் 32 பிட்டிலேயே நடந்து முடிந்து, அதற்குப் பிறகுதான் விடை பெரிய பெட்டிக்கு மாறுகிறது. 24 நாளுக்கு 2073600000 மில்லி விநாடி, சரி. 25 நாளுக்கு 2160000000, எல்லை தாண்டிவிட்டது. 30 நாள் கெடு கொடுத்தால் நடைமுறையில் மைனஸ் 1702967296 கிடைக்கும், அதாவது ஏறத்தாழ 19 நாள் 17 மணி நேரம் பின்னால். இன்றைக்கு நகையை அடகு வைத்தவருக்கு இன்றைக்கே 'கெடு முடிந்தது' என்று நோட்டீஸ் போகும். 10, 15 நாள்களை மட்டும் வைத்துச் சோதித்தால் இது வெளியே தெரியவே தெரியாது.

எண்கள் எல்லாம் மாறிலிகளாக இருந்தால் ஜிசிசி தானாகவே சொல்லிவிடும். மாறி கலந்திருந்தால் சொல்லாது. கிளாங்-டைடியில் 'பக்ப்ரோன்' குழுவில் உள்ள 'இம்ப்ளிசிட்-வைடனிங்-ஆஃப்-மல்டிப்ளிகேஷன்-ரிசல்ட்' சோதனை இதற்கென்றே இருக்கிறது. அதே குழுவின் 'நேரோயிங்-கன்வெர்ஷன்ஸ்' சோதனையையும் சேர்த்து ஓட்டுங்கள். சிபிபிசெக்கில் ஓட்டுவதானால் 'ஸ்டைல்' சோதனைகளை இயக்கி, 'பிளாட்ஃபார்ம்' மதிப்பை 'யூனிக்ஸ்64' என்று வையுங்கள்.

திருத்தும்போது முதல் எண்ணையே அகலமாக்குங்கள்: (லாங் லாங்)நாள் * 86400 * 1000. பெருக்கல் முழுவதையும் அடைப்புக்குறிக்குள் போட்டு அதன் விடையை காஸ்ட் செய்தால் (வேறு டைப்புக்கு வலிந்து மாற்றினால்) பயனில்லை; அதற்குள் ஓவர்ஃப்ளோ நடந்து முடிந்திருக்கும். வார்னிங் மட்டும் மறையும், பிழை மறையாது.

படி 5: வாய் அடைக்கப்பட்ட வரிகள்

(இண்ட்)டைம்(நல்) என்று யாரோ காஸ்ட் போட்டிருந்தால், 'தெரிந்தேதான் செய்கிறார்' என்று எடுத்துக்கொண்டு கம்பைலரும் கிளாங்-டைடியும் சும்மா இருந்துவிடும். முன்பு வார்னிங் வந்து, அதை அடக்குவதற்காகவே போட்ட காஸ்ட்கள்தான் பெரும்பாலும் இப்படி இருக்கும். இவற்றைக் கிரெப் அல்லது நிரலின் அமைப்பை வைத்துத் தேடும் செம்கிரெப் கொண்டு நேராகத் தேடுங்கள். கூடவே இவற்றையும்: நேர மதிப்பைப் படிக்கும் 'ஏடாய்' அழைப்புகள் (எழுத்தை இண்ட் எண்ணாக மாற்றுபவை), 2147483647, 'இண்ட்_மேக்ஸ்', 2037, 2038 என்ற எண்கள். 'என்றும் காலாவதி ஆகாது' என்பதற்கு அடையாளமாக 2147483647ஐ வைத்திருப்பார்கள். டைப்பை 64 பிட்டாக மாற்றிய பிறகும் அந்த அடையாளம் அப்படியே கிடந்து, 2038இல் எல்லாவற்றையும் காலாவதி ஆக்கிவிடும்.

ஆண்டு (கடைசி இரண்டு இலக்கம்)-மாதம்-நாள்-மணி-நிமிடத்தை ஒட்டி ஒரே எண்ணாக வைக்கும் பழக்கத்தையும் தேடுங்கள். 2112312359 வரை 32 பிட்டில் அடங்கும், 2201010001 அடங்காது. 2022 ஜனவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் மின்னஞ்சல்கள் தேங்கி நின்றது இதே காரணத்தால்தான்.

படி 6: எது பிழை, எது இல்லை

கருவி காட்டும் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இந்த மதிப்பு ஒரு தருணமா, இரண்டு தருணங்களின் இடைவெளியா? விநாடிக் கணக்கில் இடைவெளி என்றால் 32 பிட்டில் 68 ஆண்டு வரை தாங்கும். 10 நிமிட லாகின் கெடுவை விட்டுவிடலாம். தருணம் என்றால் திருத்தித்தான் ஆக வேண்டும்.

குறுக்கு வழியாக 'அன்சைன்ட்' (மைனஸ் ஏற்காத எண்) ஆக்கினால் 2106 பிப்ரவரி 7 வரை ஓடும் என்று சிலர் சொல்வார்கள். பிறந்த தேதி இருக்கும் நிரலில் அதைச் செய்யவே கூடாது. 1970க்கு முன் பிறந்தவர்களின் மதிப்பு மைனஸ் எண்; 1955இல் பிறந்த பாட்டி 2091இல் பிறக்கப் போகிறவராகிவிடுவார்.

படி 7: கருவி பார்க்காத இடங்கள்

டேட்டாபேஸ் அட்டவணைகள் முதலில். மைஎஸ்க்யூஎல்லில் 'டைம்ஸ்டாம்ப்' வகைக்கு எல்லை அதே 2038 ஜனவரி 19தான். 'டேட்டைம்' 9999 வரை போகும். எல்லா அட்டவணைகளின் அமைப்பையும் கோப்பாக எடுத்து, டைம்ஸ்டாம்ப் வகையும் தேதியைத் தாங்கிய இண்ட் வகையும் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது 'எஃப்ரைட்' கொண்டு ஸ்ட்ரக்டை (பல மாறிகளின் தொகுப்பை) அப்படியே கோப்பில் எழுதும் இடங்கள். உள்ளே டைம்_டி இருந்தால், 4 பைட் 8 ஆனதும் ஸ்ட்ரக்டின் நீளமும் உறுப்புகளின் இடமும் மாறும். பழைய கோப்பைப் புது நிரல் படித்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தொகை வரும். கோப்பின் தலையில் பதிப்பு எண் ஒன்று வைத்து, பழையதைப் புதியதாக மாற்றும் சிறு நிரலைத் தனியே எழுதுவதே சரி.

ஜாவா என்றால் ஸ்பாட்பக்ஸ் போதும். இண்ட் மதிப்பை லாங் ஆக்கி நேரமாகப் பயன்படுத்துவதை அது நேராகவே பிடிக்கும். ஜாவாஸ்கிரிப்டில் தசமத்தை வெட்ட '| 0' போடும் பழக்கம் எண்ணை 32 பிட்டாகச் சுருக்கும். ஈஎஸ்லிண்டின் 'நோ-பிட்வைஸ்' விதியை இயக்கினால் தெரிந்துவிடும்.

படி 8: திருத்தியதைச் சரிபாருங்கள்

நிரலுக்குப் பொய்யான நேரத்தைக் காட்டும் ஃபேக்டைம் கருவியை நிறுவி, நேரத்தை 2038-01-19 08:44:00 என்று கொடுத்து நிரலை ஓட்டுங்கள். எட்டு விநாடி கழித்து எல்லை தாண்டும்போது ரசீது, கெடு, வட்டி மூன்றும் என்ன காட்டுகின்றன என்று பாருங்கள். முடியும் தேதி எல்லைக்கு ஒரு நாள் முன்பும் ஒரு நாள் பின்பும் விழும்படி இரண்டு கடன் பதிவுகளை வைத்து, இன்றைய தேதியிலும் ஒரு முறை ஓட்டுங்கள். ஸ்டேட்டிக்காக லிங்க் செய்த (லைப்ரரிகளையும் தனக்குள்ளேயே அடக்கிய) பைனரியில் ஃபேக்டைம் வேலை செய்யாது. அதற்கு ஒரு மெய்நிகர் கணினி வைத்து, தானாக நேரம் சரிசெய்யும் என்டிபியை நிறுத்திவிட்டு, அதன் கடிகாரத்தையே மாற்ற வேண்டும். அசல் பதிவுகள் உள்ள கணினியில் கடிகாரத்தைத் தொடாதீர்கள்.