வொயிட் ரிம் சைக்கிள் பயணம்: கிளம்பும் முன்பே ஆரம்பிக்கும் தவறுகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊரை அடுத்து கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே மேசை மாதிரி நிற்கும் ஒரு பீடபூமியைச் சுற்றி, செங்குத்துப் பாறைகளுக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்கும் நடுவே ஓடுகிற மண் சாலைதான் வொயிட் ரிம். 1950களில் யுரேனியம் தேடிப் போனவர்களுக்காகப் போட்ட பாதை அது. இன்று சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சுற்று ஏறத்தாழ 160 கிலோமீட்டர்.

இந்த 160 என்ற எண்தான் ஆளை ஏமாற்றும். "தார் ரோட்டில் இதை ஒரே நாளில் மிதித்துவிடலாமே" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இங்கே மணல் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். மர்ஃபி ஹாக்பேக், ஹார்ட்ஸ்கிராபிள் ஏற்றங்களில் கை தேர்ந்தவர்களே இறங்கி நடப்பதுண்டு. அதனால்தான் பெரும்பாலோர் 3 அல்லது 4 நாள் எடுத்துக்கொள்கிறார்கள். இரவு தங்க பர்மிட் கட்டாயம். எந்த இரவு எந்த முகாம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். கால் ஓய்ந்துபோன இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. ஆகவே பதிவு செய்யும்போதே, கூட்டத்தில் மெதுவாக ஓட்டுபவர் ஒரு நாளைக்கு எவ்வளவு போவார் என்று கேட்டுவிட்டு முகாம்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். வேகமானவரை வைத்துப் பிரித்தால், இரண்டாம் நாள் மாலையே டார்ச் வெளிச்சத்தில் யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்.

அடுத்தது தண்ணீர். என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறும் இதற்குப் பிறகுதான். இந்தச் சாலை நெடுகக் குடிநீர் எங்கும் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர் என்கிறது பூங்கா நிர்வாகம். வெயிலில் நாள் முழுக்க மிதிப்பவருக்குச் சமையலையும் சேர்த்து 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர், நான்கு நாள்: 120 லிட்டர், அதாவது 120 கிலோ. சைக்கிள் பைகளில் இதைக் கட்டிக்கொண்டு மணலில் ஓட்ட முடியாது. மேற்குப் பக்கம் கிரீன் ஆறு வருகிறதே என்று சிலர் துணிவார்கள். அந்தத் தண்ணீர் பால் விட்ட தேநீர் நிறத்தில் வண்டலோடு ஓடும். நேராக ஃபில்டரில் விட்டால் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். இரவு முழுக்க வாளியில் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுத்து வடிகட்ட வேண்டும். இன்னொன்று: உப்புச் சத்து இல்லாமல் வெறும் தண்ணீரையே மளமளவென்று குடித்தாலும் தலைவலி, குமட்டல் வரும், ரத்தத்தில் சோடியம் இறங்கினால் அது ஆபத்து. உப்புப் போட்ட கடலையும் ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களும் கையில் இருக்கட்டும்.

அதனால்தான் பலர் துணை வண்டி கொண்டுபோகிறார்கள். தரையிலிருந்து நல்ல உயரமும் 'லோ ரேஞ்ச்' கியரும் (மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு ஏற உதவுவது) உள்ள நான்கு சக்கர இயக்க வண்டி வேண்டும். நகரத்தில் ஓடும் எஸ்யூவி எல்லாம் சரிப்படாது. வண்டி அங்கே மாட்டிக்கொண்டால் இழுத்து வருவதற்கு 1,000 டாலருக்கு மேல் ஆகும். சரி, வண்டி இருக்கிறது. அப்புறம் செய்கிற தவறு, சமையலை ஆரம்பிக்கலாம் என்று அதை முகாமுக்கு முன்னால் அனுப்பிவிடுவது. தண்ணீர், மருந்து, உதிரி டயர் எல்லாம் முன்னால் போய்விடும். கஷ்டப்படுகிறவர் பின்னால் இருப்பார். வண்டி கடைசி சைக்கிளுக்குப் பின்னால்தான் வர வேண்டும். சமையல் கொஞ்சம் தாமதமாகட்டும்.

நண்பர்களோடு போகும்போது ஓய்விலும் ஒரு அநியாயம் நடக்கும். முன்னால் போனவர்கள் நிழலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்பார்கள். ஓய்வு அதிகம் தேவைப்பட்டவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. நட்புக்காக அவரும் வாய் திறக்க மாட்டார். ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்த பிறகு எண்ண ஆரம்பியுங்கள். பம்ப் ஒருவரிடம், ட்யூப் ஒருவரிடம் என்று சாமான்களைப் பிரித்துக்கொள்வதும் வேண்டாம். நடுவில் சில கிலோமீட்டர் இடைவெளி விழுந்தால் இரண்டுமே பயனில்லை. பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னல் இருக்காது.

பஞ்சர் வரும். நெருஞ்சி அங்கேயும் உண்டு, குறிப்பாக வண்டி நிறுத்தும் ஓரங்களில். ட்யூபை மாற்றும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒடிந்த முள் நுனி கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பார்க்காமல் போட்டால் புது ட்யூபும் போய்விடும்.

படம் எடுக்கப் பாதையை விட்டு இறங்குவது இன்னொன்று. கறுத்து, முண்டும் முடிச்சுமாக இருக்கும் அந்த மண் மேற்பரப்பு உயிருள்ளது. நுண்ணுயிர்களும் லைக்கனும் பாசியும் சேர்ந்து மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஒரு டயர் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். அங்கே தடத்தை விட்டு ஓட்டத் தடையும் உண்டு.

காலம் பார்த்துப் போங்கள். வசந்தமும் இலையுதிர் காலமும் நல்லது. கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இடிமழைக் காலம்; உங்கள் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே, தொலைவில் பெய்த மழை காய்ந்த ஓடையில் வெள்ளமாக வந்துவிடும். 2010 ஆகஸ்டில் மழை வெள்ளம், மேற்குப் பக்கம் பீடபூமிக்கு ஏறும் மினரல் பாட்டம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளையே அடித்துக்கொண்டு போனது. ஓடைப் படுகையில் இளைப்பாறாதீர்கள். ஈரக் களிமண் தடத்தில் விடாப்பிடியாக மிதிக்காதீர்கள். மண் அப்பிக்கொண்டு சக்கரமே சுற்றாது. காயும்வரை காத்திருப்பதுதான் வழி.

கிழக்குப் பக்கம் பீடபூமியிலிருந்து இறங்கும் ஷேஃபர் சாலையில் பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராமல், விட்டு விட்டுப் பிடியுங்கள். மேலிருந்து கிளம்பினால் எந்தத் திசையில் சுற்றினாலும் கடைசியில் பீடபூமிக்கு 300 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். அதைக் கடைசி நாள் மதிய வெயிலுக்கு மிச்சம் வைக்காமல், காலையிலேயே ஏறும்படி கடைசி முகாமைத் தேர்ந்தெடுங்கள்.

முகாமில் உணவுப் பையை வெளியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். அண்டங்காக்கைகள் ஜிப்பையே திறந்துவிடும். ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் ஏறுவதாகத் திட்டமிட்டு அங்கே ஒரு காரை நிறுத்தியிருந்தால், அதன் சாவி யார் பையில் இருக்கிறது என்று கிளம்பும் முன் பாருங்கள். பல சமயம் அது கிளம்பிய இடத்தில் விட்டுவந்த காரிலேயே கிடக்கும்.