விழுப்புரத்தோட நிக்கிற மெமு ரயில கடலூர் வரைக்கும் கேக்கணுமா? மனுவுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை

கடலூர் 2021ல மாநகராட்சி ஆயிடுச்சு, ஊரும் நாலா பக்கமும் வளந்துகிட்டே போகுது, ஆனா காலைல விழுப்புரம் திண்டிவனம் பக்கம் வேலைக்கு போறவங்க பெரும்பாலும் இன்னும் பஸ்ஸுக்கு தான் நிக்கிறாங்க. ரயில் வேணும்னு மனு குடுக்காத ஆளே இல்ல. ஆனா "கடலூருக்கு ரயில் விடுங்க"ன்னு ஒத்த வரில எழுதிட்டு நானூறு கையெழுத்து வாங்கி குடுத்தா அது ஃபைல்ல தான் தூங்கும். மனுவ வாங்குற ஆபரேட்டிங் ஆபீசர் முதல்ல யோசிக்கிறது ரேக்குக்கு, அதாவது ஓட்டுறதுக்கான பெட்டித் தொடருக்கு, எங்க போறதுன்னு தான், அதனால நாமளும் அங்கருந்தே ஆரம்பிக்கணும்.

புது வண்டி கேக்காதீங்க, ஓடுற வண்டிய நீட்ட சொல்லுங்க. மைசூர்ல இருந்து மயிலாடுதுறை வரைக்கும் வந்துகிட்டிருந்த எக்ஸ்பிரஸ 2024ல கடலூர் துறைமுகம் ஜங்ஷன் வரைக்கும் நீட்டுனாங்கல்ல, அந்த ரேக் பகல்ல மயிலாடுதுறைல சும்மா நின்ன நேரம் தான் அதுக்கு வழி விட்டுச்சு. அதே மாதிரி தாம்பரத்துல இருந்து விழுப்புரம் வர்ற மெமு (தனி இஞ்சின் இல்லாம கரண்டுல ஓடுற பாசஞ்சர் வண்டி) அங்க எத்தன மணிக்கு வருது, திரும்ப எத்தன மணிக்கு கெளம்புதுன்னு டைம்டேபிள்ல பாருங்க. விழுப்புரத்துல இருந்து துறைமுகம் ஜங்ஷன் சுமார் 47 கிலோமீட்டர், பண்ருட்டி நெல்லிக்குப்பம் எல்லாம் நின்னு வந்தா ஒரு மணி நேரம் ஆகும்னு வைங்க, போய்வர ரெண்டு, நடுவுல ஒரு அரை மணி. நிக்கிற நேரம் ரெண்டர மணி நேரத்துக்கு கம்மின்னா அந்த வண்டிய விட்டுட்டு வேற வண்டிய பாருங்க. ராத்திரி விழுப்புரத்துல தங்குற ரேக் எதாவது இருந்தா அது தான் நமக்கு லட்டு, அது விழுப்புரத்துக்கு பதிலா கடலூர்ல தங்கிட்டு போகட்டுமே. மெமுவுல ரெண்டு பக்கமும் கேபின் இருக்கறதால இஞ்சின் மாத்துற வேலையும் இல்ல, இத மனுவுல கண்டிப்பா எழுதுங்க.

அடுத்தது தான் பெரிய வேலை, லைன்ல இடம் இருக்கான்னு காட்டுறது. விழுப்புரம் கடலூர் மயிலாடுதுறை பாதைய 2006 கடைசில மூடி அகல பாதையா மாத்தி 2010ல தான் திரும்ப வண்டி விட்டாங்க, ஆனாலும் அது ஒத்த லைன் தான். எதிர்ல வண்டி வந்தா லூப் லைன் இருக்கிற ஸ்டேஷன்ல ஒண்ணு ஒதுங்கி நிக்கணும். ஜன்னல் ஓரம் உக்காந்துகிட்டு ஏன் இங்க இவ்ளோ நேரம் போட்டுட்டான்னு எல்லாரும் எட்டி பாப்போமே, அது பாதி நேரம் கிராசிங் தான். ரயில்வேல இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. ரெண்டு கிராசிங் ஸ்டேஷனுக்கு நடுவுல இருக்கிறதுலயே நீளமான இடைவெளிய மெதுவா போற வண்டி எத்தன நிமிஷத்துல தாண்டும்னு பாக்கணும், அதோட லைன் கிளியர், அதாவது வண்டி விடலாம்னு அடுத்த ஸ்டேஷன் தர்ற அனுமதி, வாங்கற நிமிஷத்த கூட்டி, ஒரு நாளைக்கு உள்ள 1440 நிமிஷத்த அதால வகுத்து, வர்றத 0.7 ஆல பெருக்கணும். உதாரணத்துக்கு 12 நிமிஷம் ஓட்டம், 5 நிமிஷம் லைன் கிளியர்னு வச்சா 1440ஐ 17 ஆல வகுத்து 0.7 ஆல பெருக்குனா சுமார் 59, ரெண்டு திசையும் சேத்து ஒரு நாளைக்கு அவ்ளோ வண்டி தான். கூட்ஸையும் இதுக்குள்ள தான் அடக்கணும்.

இதோட விடாதீங்க, ஒரு கிராஃப் பேப்பர் எடுங்க. கீழ மணி, பக்கவாட்டுல மேலருந்து கீழ விழுப்புரம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் (கடலூர் ஊருக்குள்ள இருக்கிற ஸ்டேஷன்), துறைமுகம்னு தூரத்துக்கு தகுந்த இடைவெளி விட்டு எழுதிக்குங்க. இப்ப ஓடுற ஒவ்வொரு வண்டியையும் சாய்வு கோடா போட்டுட்டு, நம்ம மெமுவ சிவப்புல போடுங்க. சிவப்பு கோடு வேற கோட்ட வெட்டுற இடம் லூப் இருக்கிற ஸ்டேஷன் மேல விழணும். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல வெட்டுச்சுன்னா அந்த நேரம் ஆகாது, பத்து நிமிஷம் தள்ளி திரும்ப போடுங்க. கண்ட்ரோல் ஆபீஸ்ல இருக்கிறவங்க தினமும் பாக்குறது இந்த மாதிரி சார்ட் தான், அதனால நீங்க குடுத்தா ஒரு நிமிஷத்துல புரிஞ்சிக்குவாங்க.

யாரு ஏறுவாங்கங்கிறதுல நெறைய பேரு "சென்னைக்கு தினமும் ஆயிரக்கணக்குல போறாங்க"ன்னு எழுதிடுறாங்க. சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைக்கும் தான் குடுப்பாங்க, கடலூர்ல இருந்து எழும்பூர் இருநூறுக்கு மேல, செங்கல்பட்டே கிட்டத்தட்ட அந்த எல்லைல தான் வரும். அப்போ நம்மளோட நெசமான தினசரி பயணி விழுப்புரம், திண்டிவனம், மேல்மருவத்தூர் போறவங்க தான், அவங்கள முன்னாடி வச்சு எழுதுங்க. டிக்கெட் கணக்குக்கு ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுங்க, பத்து ரூபா தான், 30 நாள்ல பதில் வரணும். திருப்பாதிரிப்புலியூர்ல இருந்தும் துறைமுகத்துல இருந்தும் எந்த ஊருக்கு எத்தன அன்ரிசர்வ்டு டிக்கெட், எத்தன சீசன்னு மாசவாரியா கேளுங்க.

லெவல் கிராசிங்க மறக்கவே கூடாது. 2025 ஜூலை 8 செம்மங்குப்பம் கேட்ல ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்கள இழந்தோம், அது இன்டர்லாக், அதாவது கேட் மூடுனா தான் சிக்னல் விழும்ங்கிற ஏற்பாடு, இல்லாத கேட். வண்டி கூடுனா கேட் மூடி திறக்கிற தடவையும் கூடும். ஒரு கேட்ல போற ரயில் எண்ணிக்கையையும் ரோட்டு வண்டி கணக்கையும் பெருக்கி தான் அங்க என்ன வசதின்னு முடிவு பண்றாங்க, ஒரு லட்சத்த தொட்டா மேம்பாலம் கேக்கலாம். கூடுதல் வண்டி வேணும்னு எழுதுற அதே மனுவுல வழில இருக்கிற கேட் எல்லாத்துக்கும் இன்டர்லாக் வேணும்னும் எழுதுங்க, ரெண்டும் ஒரே கோரிக்கை தான்.

பாண்டிக்கு நேர் ரயில், மாமல்லபுரம் வழி லைன் எல்லாம் இதுல கலக்காதீங்க. அந்த கிழக்கு கடற்கரை பாதை ரொம்ப வருஷத்துக்கு முன்னாடியே பட்ஜெட்ல வந்த திட்டம், நிலம் எடுக்கணும், பெரிய பணம் வேணும், அதுக்கு தனியா போராடுவோம்.

மனுவ திருச்சி கோட்ட மேலாளருக்கும் சென்னைல தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கும் ரெண்டு பேருக்கும் அனுப்புங்க, ஏன்னா விழுப்புரத்துக்கு வடக்க சென்னை கோட்டம், தெற்க திருச்சி கோட்டம், ஒருத்தர் மட்டும் முடிவு பண்ண முடியாது. எம்பிக்கு ஒரு காப்பி. நிரந்தரமா குடுங்கன்னு கேக்குறத விட ஆறு மாசம் சோதனைக்கு ஸ்பெஷலா ஓட்டி பாருங்கன்னு கேளுங்க, காலேஜ் தொறக்குற ஜூன் ஜூலைல ஆரம்பிச்சா நல்லது. வண்டி வந்துட்டா கவுண்டர்லயோ மொபைல் ஆப்லயோ எல்லாரும் கடலூர்ல இருந்தே டிக்கெட் போடணும், பண்ருட்டில ஏறுறவங்க பண்ருட்டில இருந்து போடணும், பழக்க தோஷத்துல விழுப்புரத்துல இருந்து சீசன் எடுத்தா அது விழுப்புரம் கணக்குல தான் ஏறும்.