நைட் டியூட்டி பார்ப்பவர்கள் தூக்கத்தில் செய்யும் தவறுகள்

போன வாரம் ஆஸ்பத்திரியில் காலை ஹேண்டோவர், அதாவது அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் வார்டை ஒப்படைப்பது, முடிந்து கிளம்பும்போது, வார்டுக்குப் புதிதாக வந்த பெண் கேட்டாள்: "அக்கா, வீட்டுக்குப் போய் துணி துவைச்சு, மாவாட்டிட்டு 11 மணிக்குப் படுத்தா போதும்ல?" தொடர்ந்து 6 நைட் பார்க்க வேண்டியவள். படுக்கையில் போனை நோண்டாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

"இந்த ஒரு வேலையை முடிச்சிட்டுப் படுக்கிறேன்"

இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும், ஏனென்றால் முதல் 2 வருடம் நானும் இப்படித்தான் இருந்தேன். எட்டரைக்கு வீடு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து முடித்துப் படுக்க 11 ஆகிவிடும். அதற்குள் வெளிச்சம் கண்ணில் பட்டுப் பட்டு, தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் அடங்கி, உடல் சூடும் ஏறிவிடும். உடம்பு அதைப் பகல் என்றே எடுத்துக்கொள்ளும். ஒன்றரைக்கு சிலிண்டர்காரர் பெல் அடித்தால் தூக்கம் அத்தோடு சரி. பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். எனக்குக் கிடைத்தது இரண்டரை.

அப்படி ஒரு சுற்றில் நாலாவது நைட். காலை 6 மணி, சர்க்கரை நோயாளி ஒருவருக்கு 20 யூனிட் இன்சுலின் போட வேண்டும். குப்பி 100 யூனிட் வகை, அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட் மருந்து; அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. நான் எடுத்தது மில்லிக்கு 40 யூனிட் வகைக்கான சிவப்பு மூடி. அதில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 50 யூனிட். சரிபார்க்க வந்த சீனியர் சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, "மூடியைப் பாரு" என்றார். பார்த்தேன். சிவப்பு என்று தெரிந்தது, ஆனால் அதில் என்ன தப்பு என்று புரியச் சில நொடிகள் ஆனது. அந்தச் சில நொடிகளை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு மந்தமாகிறது என்று 1997இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு சொல்கிறது. நம் ஊரில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிப்பதே 0.03 வரைதான். இந்த நிலையில் நாம் ஊசி போடுகிறோம்.

அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். பகலில் தூங்குகிறாளே என்று குறைப்பட்ட மாமியார்தான் அப்புறம் வாசலில் உட்கார்ந்து, யார் வந்தாலும் "மருமக தூங்குது, பெல்லை அடிக்காதீங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் அவர்தான். இப்போது வரும் வழியில் கூலிங் கிளாஸ், வந்ததும் குளியல், 2 இட்லி, ஜன்னலில் கறுப்புப் போர்வை, ஒன்பதரைக்குள் படுக்கை. மாவு சாயங்காலம் ஆட்டிக்கொள்ளலாம்.

விடியற்காலை 4 மணி டீ

டீயில் தூக்கத்தை விரட்டுவது கஃபைன்; குடித்ததில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். கடைசி டீ 2 மணிக்குள்.

கண் சொருகச் சொருக ஸ்கூட்டி ஓட்டுவது

வேண்டாம். பஸ்ஸில் போங்கள்.

ஆஃப் அன்று சேர்த்துத் தூங்கலாம் என்று விடுவது

ஆஃபில் 10 மணி நேரம் தூங்கினால் அசதி கொஞ்சம் தீரும், உண்மைதான். ஆனால் ஆஃப் வருவது ஏழாவது நாள். பகலில் தூக்கம் குறைந்துபோனால் அன்றைக்கே, டியூட்டிக்குக் கிளம்பும் முன் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் படுத்து எழுந்திருங்கள்.