ரெண்டு வயர் போதும்னு யார் சொன்னது?

போன வாரம் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். கழிவுநீர் சுத்திகரிப்புப் பக்கம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் ஃப்ளோ மீட்டருக்கு (ஓடும் நீரை அளக்கும் கருவி) ஆர்எஸ்-485 கேபிள், அதாவது மீட்டரின் டேட்டாவைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கொண்டுபோகும் கேபிள், மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வயரை டெர்மினலில் முறுக்கிவிட்டு, மிச்சமிருந்த மூன்றாவதை கட்டரால் ஒட்ட நறுக்கினான்.

"ஏம்பா வெட்டுற?"

"ஏ, பி ரெண்டு வயர் தானேண்ணா?"

சேர்ந்த புதிதில் நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பாட் ரேட் (டேட்டா போகும் வேகம்) இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். இதைத்தான் பட்டால் ஒழியத் தெரிவதில்லை.

மூன்றாவது வயரை வெட்டுவது

ஆர்எஸ்-485 பார்ப்பது ஏ, பி இரண்டுக்கும் இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தை. அப்படியானால் கிரவுண்டு எதற்கு என்று தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் சிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் கிரவுண்டிலிருந்து அளந்தால், அந்த வயர்கள் −7 வோல்டுக்கும் +12 வோல்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். தாண்டினால் டேட்டா தடுமாறும், அப்புறம் சிப் போகும்.

மேல்விஷாரம் பக்கம் ஓர் ஆலை. கண்ட்ரோல் ரூமிலிருந்து 300 மீட்டர் தள்ளி, தொட்டியோரம் நான்கு மீட்டர்கள். ஏரேட்டர் (தண்ணீருக்குள் காற்றைக் கலக்கும் மெஷின்) நிற்கும்போது டேட்டா ஒழுங்காக வரும். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். பாட் ரேட்டை 9600-லிருந்து 2400 ஆக்கினேன். கேபிளை மாற்றினேன். 485 லைனைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கன்வெர்ட்டர் மூன்று எரிந்தது, மூன்றாவது என் கைக்காசு. இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

கடைசியில் அங்கிருந்த வயதான எலக்ட்ரீஷியன், "ரெண்டு பக்க எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் பாத்தியா தம்பி?" என்றார். பார்க்கவில்லை. கேபிளில் வெட்டாமல் விட்டிருந்த ஒரு வயரைத் தொட்டிப்பக்க எர்த்தில் கட்டி, இந்த முனையில் பேனல் எர்த்தோடு மல்டிமீட்டரை வைத்தேன். ஏரேட்டர் ஓடும்போது 14 வோல்ட் ஏசி, சிப்பின் எல்லையைத் தாண்டி. தொட்டியோர எர்த் குழியைத் திறந்தால் மண் காய்ந்து வெடித்திருந்தது. கிளாம்பைத் தொட்டேன், துருவோடு கையில் வந்துவிட்டது.

இங்கேதான் இன்னொரு பள்ளம். அவசரப்பட்டு இரண்டு எர்த்தையும் அந்த மெல்லிய வயரால் இணைத்துவிடாதீர்கள், மோட்டாரின் கசிவு கரண்டெல்லாம் அதன் வழியே ஓடும். முதலில் எர்த் குழியைச் சரிசெய்தோம். பிறகு கண்ட்ரோல் ரூமில் ஐசொலேஷன் உள்ள (இரண்டு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாத) கன்வெர்ட்டர் வைத்து, மீட்டர்களின் காமனை (485 சிப்பின் கிரவுண்டு முனை) மூன்றாவது வயரால் கன்வெர்ட்டரின் 485 பக்கத்து கிரவுண்டோடு (ஜிஎன்டி) மட்டும் சேர்த்தோம். பேனல் எர்த்துக்கு அதில் வேலையே இல்லை. அதன்பின் அங்கே கன்வெர்ட்டர் எரியவில்லை.

கேபிளைச் சுற்றி ஷீல்டு என்ற உலோக உறை இருக்கிறதே, அதையே காமனாக வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வேண்டாம். ஷீல்டு ஒரு முனையில் மட்டும் எர்த்துக்குப் போகட்டும்.

ஏ, பி மாறிப்போவது

ஒரு கம்பெனியின் ஏ இன்னொரு கம்பெனிக்கு பி. டேட்டா வரவில்லையா, இரண்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். எதுவும் எரியாது.

ஒரே முகவரி

ஒரே லைனில் உள்ள ஒவ்வொரு மீட்டருக்கும் தனி முகவரி எண் வேண்டும். புது மீட்டர் பெரும்பாலும் 1 என்றுதான் வரும். லைனில் சேர்ப்பதற்கு முன்பே மாற்றுங்கள்.

120 ஓம்

இந்த ரெசிஸ்டர் லைனின் இரண்டு கடைசியில் மட்டும். மீட்டருக்கு ஒன்று என்று வரிசையாகப் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.