ரைஃபிள் அறைக்கு எந்த ஹெட்ஸ்பேஸ் கேஜ்?

பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கியவர், அதில் முதல் தோட்டாவை இடுவதற்கு முன் சோதிக்க வேண்டியது ஹெட்ஸ்பேஸ். குழலின் பின்முனையில் தோட்டா அமரும் குழியே அறை, அதைப் பின்னாலிருந்து மூடிப் பூட்டும் பகுதியே போல்ட். போல்ட் பூட்டிய நிலையில், போல்ட் முகத்துக்கும், தோட்டா மேலும் முன்னே நகராதபடி அறையில் அதைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரமே அது. அது அளவுக்கு மீறினால், சுடும்போது பித்தளை உறை அடிப்பகுதிக்குச் சற்று மேலே நீண்டு மெலிந்து, சில வேளைகளில் இரண்டாக அறுந்து, உயரழுத்த வாயு சுடுபவரை நோக்கிப் பீறிடக்கூடும்.

இந்தத் தூரத்தைச் சோதிக்க, தோட்டாவுக்குப் பதிலாக அறையில் இடும் எஃகு அளவுக்கட்டையே கேஜ். அதை வாங்குமுன் தோட்டா எதில் தங்கி நிற்கிறது என்று பாருங்கள். லீ-என்ஃபீல்ட் குடும்பமே நல்ல உதாரணம். அதன் .303 தோட்டா விளிம்பில், அதாவது உறையின் அடியில் புடைத்திருக்கும் வளையத்தில் நிற்பது. 1960களில் இஷாப்பூர் தொழிற்சாலை உருவாக்கிய 2ஏ1 ரைஃபிளின் 7.62 நேட்டோ தோட்டாவோ தோளில், அதாவது உறை கழுத்தை நோக்கிக் குறுகும் சரிவில் நிற்பது. தோற்றத்தில் உடன்பிறப்புகளான இவ்விரண்டுக்கும் கேஜ் முற்றிலும் வேறு.

அடுத்தது தரநிலை. பலர் தடுமாறுவது இங்கேதான். கேஜ்கள் மூன்று வகை: குறைந்தபட்ச அளவு கோ, அதைவிடச் சற்று நீண்டது நோ-கோ, பயன்பட்ட ரைஃபிளுக்கான கடைசி வரம்பு ஃபீல்ட். .303க்கு அமெரிக்க வணிகத் தரத்தின்படி கோ 0.064, நோ-கோ 0.067, ஃபீல்ட் 0.070 அங்குலம், பிரிட்டிஷ் ராணுவமோ 0.074 வரை ஏற்றுக்கொண்டது. 7.62 நேட்டோவின் வணிக இணையான .308 வின்செஸ்டருக்குக் கோ 1.630, நோ-கோ 1.634, ஃபீல்ட் 1.638 அங்குலம். ஆனால் அமெரிக்க ராணுவத்தின் எம்14 ரைஃபிளுக்கான கோ அளவே 1.6355. ஆகவே ராணுவ அளவில் கடைந்த அறையில் .308இன் நோ-கோ மீது போல்ட் பூட்டிக்கொள்வதில் வியப்பில்லை. அதை வைத்து நல்ல ரைஃபிளைக் கழித்துக்கட்டியவர்களும் உண்டு.

புதிதாகக் குழல் பொருத்துபவருக்குக் கோவும் நோ-கோவும் தேவை. பயன்பட்ட ராணுவ ரைஃபிளைப் பரிசோதிப்பவருக்கு, ஒன்றே வாங்க முடியுமானால், அந்த ரைஃபிளின் தரநிலைக்குரிய ஃபீல்ட் கேஜ் போதும். எல்லாக் கேஜ்களையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குவது நல்லது, ஏனெனில் நோ-கோ அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். கோ கேஜின் பின்புறம் டேப் ஒட்டி நோ-கோவாக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. நாம் தேடும் வேறுபாடே ஒரு தாளின் தடிமன்தான். டேப் அழுந்திக் கொடுக்கும்.

சோதிக்கும்போது ரைஃபிள் காலியாக இருப்பதை உறுதிசெய்து, அறையையும் போல்ட் முகத்தையும் துடைத்து, இயன்றால் உறையை இழுத்து வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டரையும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, விரல் நுனியால் மட்டும் போல்ட்டை இறக்குங்கள். கேஜ் கடினப்படுத்திய எஃகு. நெம்பினால் கெடுவது அறையின் தோள்தான். கோ மீது போல்ட் பூட்ட வேண்டும், நோ-கோ மீது பூட்டக் கூடாது. பூட்டினால் ஃபீல்டை வைத்துப் பாருங்கள். அதன் மீதும் பூட்டினால் சுடாமல் துப்பாக்கித் தச்சரிடம் கொண்டுசெல்லுங்கள்.

.303 கேஜ் விளிம்பிடத்தை மட்டுமே அளக்கும். தோள் பகுதி தாராளமாகக் கடையப்பட்டிருப்பதால், ஹெட்ஸ்பேஸ் சரியாக இருந்தும் உறை நீளலாம். லீ-என்ஃபீல்டின் நம்பர் 4 ரைஃபிளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்ட, கழற்றி மாற்றக்கூடிய போல்ட் தலைகள் உண்டு. தச்சர் நீளமான தலையை மாற்றித் தந்தால், மறுபடி கோ கேஜிலிருந்தே சோதனையைத் தொடங்குங்கள்.